பேர் வெட்டின வாளி

சாப்பிட்டு முடிச்சதும் அந்த டிபன் பாக்ஸைக் கொஞ்சம் குடுங்கம்மா. அடியில பேர் வெட்டியிருக்கான்னு பாத்துட்டுத் தந்துர்றேன். அவசரமில்லை, மெதுவாச் சாப்பிடுங்க, கோயம்புத்தூருக்கு இன்னும் நேரம் கிடக்கு. சிரிக்காதீங்க. பாத்திரத்துக்கு அடியைப் பாத்தே ஒரு குடும்பத்தை எழுதினவ நான்.

எங்க வீட்டுக்காரரு பக்கத்து வம்சாவளியச் சொல்றேன். நல்லதம்பி வகையறா. நல்லதம்பிங்கிறது எங்க மாமனாரு. நான் தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவ. பட்டா, பழைய பத்திரம், வாக்காளர் பட்டியல், இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா அதுல எல்லாம் ஆம்பளைங்க பேருதான் இருக்கும். நல்லதம்பி பொண்டாட்டி பேரு என்ன, அவங்க எந்த ஊரு, யாரு பெத்த மக, எந்தப் பத்திரத்துலயும் கிடையாது. பாத்திரத்துல இருக்கும். குடத்துக் கழுத்துல, அண்டா விளிம்புல, இன்னார் மகள் இன்னாருக்கு இன்ன ஊர்ல இருந்து குடுத்ததுன்னு வெட்டி வச்சிருப்பாங்க. கடைக்காரரு பேர் வெட்டணுமான்னு கேட்டா நம்ம ஆளுக வேண்டாம்னு சொல்லவே மாட்டாங்க.

அதனால நான் வாட்ஸ்அப்புல ஒரு குழு ஆரம்பிச்சேன். நல்லதம்பி வகையறான்னே பேரு. எல்லாரும் பரண்ல கிடக்கிறதை இறக்கித் தொடச்சு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு சொன்னேன். நூறு பேருக்கு மேல சேர்ந்துட்டாங்க. துபாய்ல இருக்கிறவன் கூட அவங்க அம்மாவை ஸ்டூல்ல ஏத்தி போட்டோ எடுக்க வச்சான். அந்தக் குத்துவிளக்கு யாரு குடுத்தது, அந்தச் செம்புல இருக்கிற ராமலட்சுமி யாருன்னு பொழுதன்னிக்கும் பேச்சுதான். கடைசியில எது சரின்னு நான்தான் சொல்லணும். பெரியம்மா சொல்லட்டும், பெரியம்மா சொல்லட்டும்னு காத்துக் கிடப்பாங்க. இப்பக் கொஞ்ச நாளா யாரும் ஒண்ணும் போடுறதில்லை. அவங்கவங்களுக்கு அவங்கவங்க வேலை, பாவம்.

எங்க வீட்டுக்காரரு தவசிலிங்கம், மூத்தவரு. அவரு போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் போட்ட வம்சாவளியில எங்க கோடு எங்களோட நிக்குது, நானே என் கையால நிறுத்தினேன். அவருக்கு ஒரே தம்பி, வனமூர்த்தி. அவன் பொண்டாட்டி செண்பகவடிவு. எனக்கு ஓரகத்தி. அவங்களுக்கு ஒரு மக, அபிநயா. அந்தப் பிள்ளை என் மடியில வளந்ததும்மா. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

அது நடக்க ஆரம்பிச்ச வயசுல வனமூர்த்தி வீட்டை விட்டுப் போயிட்டான். சண்டையும் இல்லை ஒண்ணும் இல்லை. செருப்புத் தைக்கப் போறேன்னு போனவன் வரலை. தேடாத இடம் இல்லை. அப்புறம் விட்டுட்டோம். எங்கயோ இருக்கான், நல்லா இருக்கட்டும்னு எல்லாரும் சொல்லிக்கிட்டாங்க. செண்பகவடிவு தையல் மிஷின் போட்டுப் பிள்ளையைப் படிக்க வச்சா. அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா நெத்தியப் பாக்கணும் நீங்க. எட்டணா அளவுக்குக் குங்குமம். கழுத்துல மஞ்சக் கயிறு, வெள்ளிக்கிழமையானாப் புது மஞ்சள் பூசி. வீட்டுல ஒரு விசேஷம்னா செண்பகா, ஆரத்தி எடுக்க வாம்மா. செண்பகா, நீ முதல்ல விளக்கேத்து. அவ கையால தொடங்கினா நல்லதாம். நான் எங்க நிப்பேன்? தூணுக்குப் பின்னால. பொண்ணு அழைச்சா நான் எதிர்ல வரக் கூடாது. வளைகாப்புன்னா நான் அடுக்களையில அப்பளம் பொரிக்கணும்.

நான் கேக்கிறேன் உங்களை. எம் புருஷன் கடைசி மூச்சு வரைக்கும் எங்கூட இருந்தாரு. ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டே போனாரு. அவ புருஷன் அவளை வேண்டாம்னு விட்டுட்டு ஓடினவன். கூட இருந்தவரு பொண்டாட்டிக்குத் தூணு, ஓடினவன் பொண்டாட்டிக்கு ஆரத்தித் தட்டு. இது எந்த ஊரு நியாயம்? எனக்கு வயிறு எரிஞ்சது. எரியலைன்னு சொன்னாப் பொய்.

அவரு போன பத்தாம் நாளு, என் தாலியைக் கழட்டி வாங்கின அன்னிக்கு, அவளை அடுக்களைக்குள்ள போகச் சொல்லிட்டாங்க. சுமங்கலி பாக்கக் கூடாதில்ல. உள்ள இருந்து அவ அழுத சத்தம் எனக்குக் கேட்டுச்சு. எனக்கே அழுகை வரலை, அவளுக்கு என்ன அழுகை. அப்பவே நெனச்சேன், நடிக்கிறான்னு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அபிநயாவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு. மாப்பிள்ளை மதுரையில பேங்குல வேலை, நல்ல குடும்பம். பத்திரிகை அடிச்சு வந்தது. ‘திரு. ந. வனமூர்த்தி – செண்பகவடிவு ஆகியோரின் புதல்வி’ன்னு போட்டிருந்தாங்க. எனக்கு அதைப் பாத்ததுமே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆளு இருக்கானா இல்லையான்னு தெரியாம திருவாம், வனமூர்த்தியாம். என் வம்சாவளியிலயும் அந்த ஒரு இடம்தான் பாக்கி. பொறந்த வருஷம் போட்டுட்டுப் பக்கத்துல வெறுமனே விட்டு வச்சிருந்தேன். அது என் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்தது.

அந்தச் சமயத்துல எங்க கொழுந்தனார் முறைக்காரன் ஒருத்தன் குழுவுல ஒரு போட்டோ போட்டான். திருப்பூர் தாண்டி ஒரு குன்று, மேல முருகன். அங்க அன்னதானத்துல குடும்பத்தோட சாப்பிட்ட போட்டோ. எல்லாரும் குழந்தைக அழகைப் பாத்து இதயம் போட்டாங்க. நான் பெருசு பண்ணிப் பாத்தேன். இலைக்குப் பக்கத்துல சாம்பார் வாளி. வாளியில எழுத்து. என் கண்ணு எங்க போகும்? ‘வனமூர்’ வரைக்கும் தெரிஞ்சது, மிச்சம் வளைவுல மறைஞ்சிருச்சு. வனமூர்த்திங்கிறது எங்க குலசாமி பேரு. எங்க வகையறாவைத் தவிர யாரும் வைக்க மாட்டாங்க.

மறுநாளே பஸ் ஏறிட்டேன். முட்டி வலியோட அந்தக் குன்று ஏறினேன். சமையல்கட்டுல இருந்த அம்மாகிட்ட வாளியக் குடுங்கன்னு கேட்டேன், அவங்க சாம்பாரை வேற பாத்திரத்துல ஊத்திட்டுக் குடுத்தாங்க. சுத்திலும் வெட்டியிருந்தது. ‘அமரர் ந. வனமூர்த்தி நினைவாக’. கீழ வருஷம். எட்டு வருஷம் ஆகியிருந்தது. குடுத்தவங்க பேரு இல்லை. அந்தம்மாதான் சொன்னாங்க, இந்தாளு இங்க கீழ சாயப்பட்டறையில வேலை பாத்தவருங்க, காய்ச்சல்ல போயிட்டாரு, கூட வேலை பாத்தவங்க தேடிப்பிடிச்சுச் சொல்லிவிட்டு அவரு சம்சாரம் வந்து கொள்ளி வச்சுட்டுப் போச்சுன்னு. வருஷா வருஷம் ஆடி மாசம் வருமாம். வந்து அந்த வாளியத் தூக்கி அதுவே எல்லாருக்கும் ஊத்திட்டுப் போகுமாம்.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். வரும்போது நெத்தியில பொட்டு இருக்குமான்னு. இல்லைங்க, திருநீறு மட்டும்தான்னு சொன்னாங்க.

எனக்கு வந்ததைத் துக்கம்னு நினைக்காதீங்க, ஆத்திரம். ஆடி மாசம் தையல் சாமான் வாங்கத் திருப்பூர் போறேன்னு அவ சொல்லிட்டுப் போவா. பிள்ளையை நான்தான் பாத்துக்குவேன். போற வழியில குங்குமத்தை அழிச்சுட்டு, வர்ற வழியில பஸ்ஸுக்குள்ளயே வச்சுக்கிட்டு வந்திருக்கா. வந்து எங்க வீட்டுலயே ஆரத்தி எடுத்திருக்கா. எட்டு வருஷம் எங்க எல்லாரையும் முட்டாளாக்கியிருக்கா. எத்தனை கல்யாணம், எத்தனை கிரகப்பிரவேசம். அவ்வளவு ரகசியமா வச்சவ, வாளியில பேர் வெட்டாம இருக்கக் கூடாதா? அங்கதான் மாட்டினா. கடைக்காரரு கேட்டிருப்பாரு, இவளும் தலையாட்டியிருப்பா.

அங்கயே படிக்கட்டுல உக்காந்து வாளியோட நாலு பக்கத்தையும் குழுவுல போட்டேன். தப்பா ஒரு வார்த்தை எழுதலை. ‘நம் குடும்ப வரலாற்றில் விடுபட்டிருந்த ஒரு தகவல் கிடைத்துள்ளது. பத்திரிகையில் திரு என்பதைத் தெய்வத்திரு என்று திருத்திக்கொள்ளவும்’னு மரியாதையாத்தான் போட்டேன். முதல்ல ஒருத்தன் கும்பிடுற கையப் போட்டான். அதுக்கப்புறம் பாக்கணும், வரிசையா ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல். எட்டு வருஷத்துக்கு முன்னால செத்தவனுக்கு. ஒருத்தி மெழுகுவத்திப் படம் கூடப் போட்டா. செண்பகவடிவு பேருக்குக் கீழ எழுதுறா எழுதுறான்னு காட்டுச்சு. நின்னுச்சு. திரும்பக் காட்டுச்சு. ஒண்ணும் வரலை.

எங்க மாமனாரோட தம்பி ஒருத்தரு இருக்காரு, சின்ன மாமான்னு சொல்வோம். நேத்துச் சாப்பிட்டது இன்னிக்கு ஞாபகம் இருக்காது அவருக்கு. ஆனா முறைன்னு வந்துட்டா எல்லாரும் அவரு வாயத்தான் பாப்பாங்க. அவருகிட்டப் போய் நான் வெறுமனே கேட்டேன். கருமாதி நடக்காத வீட்டுல பந்தக்கால் நடலாமா மாமான்னு. அவ்வளவுதான் நான் கேட்டது. அவரே சொன்னாரு, அது எப்படி, தீட்டு அப்படியே நிக்குதே, எல்லாத்தையும் முறையா முடிச்சுட்டுத்தான் கல்யாணம்னு. நான் என்ன பண்ணுவேன்? பெரியவங்க சொல்லுக்கு மறுபேச்சு உண்டா?

இத்தனைக்கும் மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணும் சொல்லலை. மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணி, அதெல்லாம் நாங்க பாக்கிறதில்லைங்க, சம்பந்தியம்மாவே மேடையில நிக்கட்டும்னு சொன்னாங்களாம். அவங்க பெருந்தன்மை அது. நம்ம வீட்டு முறையை நாமதான் பாத்துக்கணும்.

மறுநாள் செண்பகவடிவு எங்க வீட்டுக்கு வந்தா. குங்குமத்தோடதான் வந்தா. உக்காருன்னேன், உக்காரலை. ஏன் சொன்னீங்கன்னு கேப்பா, சண்டை போடுவான்னு நான் பதில் எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். அவ சண்டை போடலை.

“அக்கா, கல்யாணம் மட்டும் முடியட்டும்கா. அபிக்குத் தாலி ஏறுற நேரத்துல நான் பக்கத்துல நிக்கணும். மறுநாள் காலையில நானே கழட்டி உங்க கையில தந்துர்றேன்.”

“எட்டு வருஷமாத் தெரியலையாடி உனக்கு?”ன்னு கேட்டேன்.

“தெரியும்கா. செத்தது தெரிஞ்சு அங்கயே தாலி, பொட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் வந்தேன். நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் உங்க ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு அடுக்களை ஜன்னல் வழியா நான் பாத்தேன்கா. உங்க கைய ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டாங்க, நீங்க வளையலை விட மாட்டேன்னு மூடிக்கிட்டீங்க. அதுக்கப்புறம் உங்களை யாரும் ஒரு விசேஷத்துக்கும் முன்னால விடலை. நான் அந்த மாதிரி ஓரமாப் போயிட்டா என் பிள்ளைக்கு யாரு இருக்கா? அதான் பஸ் ஸ்டாண்டுலயே ஒரு கயிறு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

பாத்தீங்களா? பழியைத் தூக்கி என் மேல போடுறா. நான் தாலியறுத்ததைக் காரணம் காட்டி இவ தாலியோட திரிஞ்சிருக்கா. நான் வளையலை மூடிக்கிட்டேனாம். அப்படி ஒண்ணும் நடக்கலை. எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்தது. நான் நிதானமாச் சொன்னேன்.

“வரலாறுன்னு வந்துட்டா நாள் தள்ளிப் போட முடியாது செண்பகா.”

அவ சரிக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டா. காப்பி போட்டேன், குடிக்கலை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எல்லாம் நடந்தது. தர்ப்பையில ஆள் மாதிரி செஞ்சு வச்சுக் காரியம் பண்ணினாங்க. தாலி வாங்கறது யாருன்னு பேச்சு வந்தது. அதை இன்னொரு தாலியறுத்தவதானே செய்யணும். வீட்டுல மூத்தவ நான். வேற யாரு செய்வா? கழட்டின தாலியைப் போடுற பால் சொம்பை நான்தான் ஏந்தினேன். அவளுக்குத் தலை நிறையப் பூ வச்சு, கை நிறைய வளையல் போட்டு உக்கார வச்சிருந்தாங்க. கையப் பிடிக்க ரெண்டு பேரு வந்தாங்க, அவ வேண்டாம்னு தலையாட்டிட்டுத் தானே கைய நீட்டினா. கயிறு முடிச்சு அவிழலை, புது மஞ்சள் பூசினது, வழுக்கிக்கிட்டே இருந்தது. அவளே கழுத்தைக் கொஞ்சம் குனிஞ்சு குடுத்தா. என் கை நடுங்கவே இல்லை. எல்லாரும் அப்புறம் அதைச் சொன்னாங்க, பெரியம்மாவுக்குத் திடமான மனசுன்னு.

அபிநயாவை வெளிய போகச் சொல்லியிருந்தோம். கல்யாணப் பொண்ணு இதைப் பாக்கலாமா? அது போகலை. வாசப்படியில நின்னு முழுசையும் பாத்துச்சு. நான் பால் சொம்போட வெளிய வரும்போது வழிய மறிச்சுச்சு.

“பெரியம்மா, என் கல்யாணத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும்”னு சொல்லிச்சு.

அதுக்கு என் மேல அவ்வளவு பாசம். அம்மாவுக்கு இப்படி ஆன நேரத்துலயும் என்னைத் தனியாக் கூப்பிட மறக்கலை பாருங்க. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. என் வளர்ப்பு.

கல்யாணத்துக்கு நான் முதல் ஆளாப் போயிட்டேன். மேடைக்குப் போகக் கூடாது, அது எனக்குத் தெரியும். கடைசி வரிசையில வாசலை ஒட்டி ஓரமா உக்காந்தேன். பன்னெண்டு வருஷமா எந்த மண்டபத்துக்குப் போனாலும் அதுதான் என் இடம். எனக்குப் பக்கத்துல யாரும் வந்து உக்கார மாட்டாங்க, ரெண்டு நாற்காலி தள்ளித்தான் உக்காருவாங்க. அன்னிக்கு நான் பக்கத்து நாற்காலியில என் கைப்பையை வச்சு இடம் பிடிச்சு வச்சேன். செண்பகவடிவுக்கு. இனிமே அவளும் இங்கதானே. அவளுக்கு இதெல்லாம் புதுசு, எங்க நிக்கிறது எப்படி நிக்கிறதுன்னு தெரியாது. சொல்லிக் குடுக்க ஆள் வேண்டாமா? நான் கோபத்தையெல்லாம் விட்டுட்டேன் அன்னிக்கு. உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் கூட இருந்தது. எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை.

மேடையில சித்தப்பா முறைக்காரன் ஒருத்தனும் அவன் பொண்டாட்டியும் நின்னு தாரை வார்த்துக் குடுத்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா கண்ணாலயே தேடிக்கிட்டு இருந்தாங்க. செண்பகவடிவு மண்டபத்துக்குள்ளயே வரலை. வெளிய, செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல, வெள்ளைப் பூப்போட்ட சேலையில சுவத்தை ஒட்டி நின்னுக்கிட்டு இருந்தா. நான் ரெண்டு தரம் கை காட்டினேன். இங்க வா, இடம் இருக்குன்னு. பாத்தா. பாத்துட்டு மேடையப் பாத்துக்கிட்டா.

கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறினதும் அபிநயா மாப்பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு மேடையை விட்டு இறங்கிருச்சு. ஐயர் கூப்பிடக் கூப்பிட நிக்கலை. நேரா நடுப்பாதையில என்னைப் பாத்து வந்தாங்க. நான் எந்திரிச்சுட்டேன். அட்சதையைக் கையில எடுத்துக்கிட்டேன். நான் தூக்கி வளத்த பிள்ளை, முதல் ஆசீர்வாதம் என்கிட்டத்தான் வாங்கும்னு எனக்குத் தெரியும். என் முழங்கை மேல அதோட பட்டுச்சேலை உரசிச்சு, அவ்வளவு பக்கத்துல வந்தாங்க. அப்படியே என்னைத் தாண்டி வெளிய போயிட்டாங்க. அங்க செருப்புக் குவியலுக்குப் பக்கத்துல ரெண்டு பேரும் விழுந்து செண்பகவடிவு காலைத் தொட்டாங்க. அவ நெத்தி வெறுமனே இருக்கு, அதுல அபிநயா தன் நெத்தியை வச்சு அழுத்திக்கிட்டு நிக்குது. கூட்டம் பூராவும் எந்திரிச்சு அந்தப் பக்கம் திரும்பிருச்சு. சின்ன மாமா கூட.

சின்னப் பிள்ளைங்க, அவங்களுக்கு என்ன முறை தெரியும். நான் அட்சதையைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் ஆளுக உள்ள வர ஆரம்பிச்சாங்க. ஒரு அம்மா கைக்குழந்தையோட வந்து என் பக்கத்து நாற்காலியைக் காட்டி, இங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டுச்சு. ஆமா, எங்க வீட்டு ஆளு ஒருத்தி வர்றான்னு சொன்னேன். பந்தி முடிஞ்சு விளக்கை அணைக்கிற வரைக்கும் நான் அந்தப் பையை எடுக்கலைம்மா.